இரண்டு பக்கமும் ‘20 எம்பி’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்

போன வாரம் மச்சான் ஒரு கொட்டேஷனை வாட்ஸப்பில் அனுப்பி, “பாத்துச் சொல்லுங்க மாமா” என்றார். அலுவலகத்துக்கு இணைய இணைப்பு, கூடவே பேக்கப் சர்வர். வேகம் என்ற கட்டத்தில் இரண்டுக்கும் ‘100 எம்பி’. இருபது வருடத்துக்கு முன்னால் இதே கட்டத்தில் நான் விழுந்தேன்.

2005. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. டிசைன் வேலை சென்னையில், அச்சு இங்கே. காலண்டர் சீசனில் ஒரு நாளைக்கு 4 ஜிபி அளவுக்குக் கலர் ஃபைல்கள் வரும். ஆறு சிடியில் எழுதி ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். காலையில் பையன் போய் வாங்கி வருவான். ஒரு சிடி கீறியிருந்தால் அன்றைய பிளேட் (அச்சுத் தகடு) வேலை நின்றுவிடும். அதனால் லீஸ்டு லைன், அதாவது எங்களுக்கென்றே தனியாக வாடகைக்கு ஒரு டேட்டா லைன், எடுக்கலாம் என்று முதலாளி முடிவு செய்தார்.

சென்னையிலிருந்து ஒரு டீலர் வந்தார். நல்ல பேச்சு. “அண்ணாச்சி, ஈ-ஒன் லைன் போடுறோம், 2 எம்பி. 4 ஜிபி தானே? 33 நிமிசம். டீ குடிச்சிட்டு வாங்க, ஃபைல் உக்காந்திருக்கும்.” 4000-ஐ 2-ஆல் வகுத்தால் 2000 விநாடி, 33 நிமிடம். கணக்கு சரிதானே என்று நானும் தலையாட்டினேன்.

அவருடைய கொட்டேஷனில் எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்து. மெகாபிட்டுக்குச் சின்ன ‘பி’, மெகாபைட்டுக்குப் பெரிய ‘பி’ என்பதுதான் வழக்கம். எல்லாவற்றையும் பெரிதாக அடித்துவிட்டால் எது எது என்று யாருக்குத் தெரியும்? டிஸ்க் காரர்கள் பைட்டில் பேசுவார்கள், டெலிபோன் காரர்கள் பிட்டில் பேசுவார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். இந்த எட்டு மடங்கில்தான் அவர் பிழைப்பு நடத்தினார்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு காப்பி போட்டோம். எட்டு மணிக்கும் பாதிகூட வரவில்லை. முடியும்போது பதினொன்று ஆகிவிட்டது. லைனில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் போனில் சண்டை போட்டேன். லைன் மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம்.

ஈ-ஒன் என்பது டெலிபோன் பேச்சுக்காக வந்த சமாச்சாரம். ஒரு குரலை விநாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொன்றுக்கும் 8 பிட் கொடுத்தால் 64 கிலோபிட். அப்படி 32 அறைகள் சேர்ந்து 2.048 மெகாபிட். முதல் அறை இரண்டு முனையும் தாளம் தப்பாமல் இருக்க. டெலிபோனுக்கு என்றால் இன்னொரு அறை மணி அடிப்பது, எண் சுழற்றுவது போன்ற வேலைகளுக்குப் போய்விடும். டேட்டாவுக்கு அது தேவையில்லை, அதையும் திறந்துவிடலாம். எங்களுக்கு வைத்த பெட்டியில் டெலிபோன் செட்டிங்கை மாற்றவே இல்லை. ஆக 30 அறை, 1.92 மெகாபிட், விநாடிக்கு வெறும் 240 கிலோபைட். 4 ஜிபிக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல். டீலரிடம் இதைக் கேட்டபோது, “போக 2, வர 2, மொத்தம் 4 எம்பி இருக்கே அண்ணாச்சி” என்றார். எனக்கு வருவது மட்டும்தானே வேண்டும்!

அத்தோடு விட்டாரா? ஒரு மாதம் கழித்து அடுத்த கொட்டேஷன். எங்களிடம் இருந்தது பழைய சர்வர். அதில் டிஸ்க்குகளை மாட்டுகிற கேபிள் ஃபாஸ்ட் வைட் ஸ்கஸி என்ற ரகம், 20 எம்பி. “பத்து ஈ-ஒன் போட்டுடுவோம். லைனும் 20, டிஸ்க்கும் 20. பத்துப் பொருத்தமும் இருக்கு.”

இந்தத் தடவை பேப்பர் பேனா எடுத்து உட்கார்ந்தேன். பத்து ஈ-ஒன் 20.48 மெகாபிட். எட்டால் வகுத்தால் 2.56 மெகாபைட். ஸ்கஸி கேபிளோ 20 மெகாபைட், அதாவது 160 மெகாபிட். அதற்கு ஈடு கொடுக்க 79 ஈ-ஒன் வேண்டும். 63 ஈ-ஒன்னைச் சுமக்கிற எஸ்டிஎம்-1 ஃபைபரே 155.52 மெகாபிட்தான். ஒரு முழ ரிப்பன் கேபிளுக்கு முன்னால் அதுவும் தோற்றுவிடும். (அந்த 20-கூட கேபிளின் உச்சம்தான். அதில் மாட்டிய அத்தனை டிஸ்க்கும் பங்கு போட்டுக்கொள்ளும்.) கூடவே ஒரு அமெரிக்க பிரோஷரின் ஜெராக்ஸ் வைத்திருந்தார்: அந்த ஊர் லைன்களான டி-ஒன் 1.544, டி-த்ரீ 44.736 மெகாபிட். நம் ஊரில் ஓடுவது ஈ வரிசை; மூன்றாம் படியில் 34.368-தான் கிடைக்கும். அவர் காட்டியதோ 45.

முதலாளி பேப்பரைப் பார்த்துவிட்டு, “அப்போ 40 ஜிபி டிஸ்க்கையே பஸ்ஸுல ஏத்துனா?” என்று கேட்டார். பத்து மணி நேரப் பயணம், கணக்குப் போட்டால் விநாடிக்கு 8.9 மெகாபிட் வருகிறது. நாலு ஈ-ஒன்னைவிட அதிகம். அன்றிலிருந்து சிடிக்குப் பதில் ஹார்ட் டிஸ்க் பஸ் ஏறியது. சின்னத் திருத்தங்களுக்கு மட்டும் லைன். முன்பணமாகக் கட்டிய ஒரு வருட வாடகை போனது போனதுதான்.

எட்டால் வகுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். பிறகு சாட்டா என்ற ரக டிஸ்க் வாங்கும்போது 1.5 கிகாபிட்டை எட்டால் வகுத்து 187 மெகாபைட் என்று நானே சொல்லி மாட்டிக்கொண்டேன். அதில் எட்டு பிட்டைப் பத்து பிட்டாக்கி அனுப்புகிறார்கள். பத்தால் வகுக்க வேண்டும், 150.

மச்சானிடம் ஒன்றுதான் சொன்னேன். வேகத்தை எம்பியில் கேட்காதே, ‘1 ஜிபி ஃபைல் எத்தனை விநாடியில் வந்து சேரும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல். மறுநாளே திருத்திய கொட்டேஷன் வந்தது. இணைப்பின் கட்டத்தில் 100 இருந்த இடத்தில் 12.5.