பில் இல்லாத தழும்புக் கிரீமை முகத்தில் வைக்காதீர்கள்: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா எல்லைப் பக்கத்தினருக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் கோபாலபுரம், பொள்ளாச்சி வரை பார்லர்களிலும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் ஒரு ‘செட்’ ஓடுகிறது. ராத்திரி கிரீம் ஒரு டப்பா, ஒரு சோப்பு, ‘சீரம்’ என்று ஒரு சின்ன பாட்டில். விலை 1,400 ரூபாய். பருத் தழும்பு, அம்மை வடு, எண்ணெய் தெறித்த கறுப்பு, மங்கு எல்லாமே ஏழு நாளில் போய்விடும் என்று சொல்லி விற்கிறார்கள். வீட்டில் யாராவது பூசிக்கொண்டிருந்தால் இதைக் கடைசி வரை படியுங்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. பெண்ணுக்கு 24 வயது. கன்னத்தில் பரு ஆறிய கறுப்புத் தடங்கள், அவ்வளவுதான். ஐந்து மாதத்தில் கல்யாணம் என்பதால் அம்மா பார்லரில் சொல்லி வாங்கிக் கொடுத்தார். பத்தாம் நாளே முகம் பளபளவென்று வெளுத்தது. பார்த்துவிட்டு அம்மாவும் தன் மங்குக்கு அதையே பூச ஆரம்பித்தார். ஒன்றரை மாதம் கழித்து டப்பா தீர்ந்து, ஒரு வாரம் தடவாமல் விட்டபோது முகமெல்லாம் சிவந்து, எரிந்து, சின்னச் சின்னப் பருவாகக் கிளம்பியது. பார்லரில் போய்க் கேட்டதற்கு, “பேடிக்காதே மோளே (பயப்படாதே மகளே), உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் வெளிய வருது, நல்லதுதான்” என்று சொல்லி, இன்னும் பெரிய டப்பா கொடுத்து அனுப்பினார்கள். பூசியதும் அடங்கியது. அதனால் நம்பினார்கள். நான்காம் மாதம் சாயங்காலமானால் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு வார் பதிந்த இடம் குழியாகவே நின்றது. சிறுநீர் நுரைத்துப் போனது. பாலக்காட்டில் பரிசோதித்ததில் சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ், அதாவது மிக அதிகம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “முகத்துக்கு என்ன போடுறீங்க?”

அந்தக் கேள்வி சும்மா வரவில்லை. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக மருத்துவர்கள் பார்த்த ‘மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி’ (சிறுநீரக வடிகட்டி கெட்டுச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய்) நோயாளிகள் 22 பேர். அதில் 15 பேருக்கு நெல்-1 (NELL-1) என்கிற, அந்த நோயின் அரிய வகை. அந்தப் 15 பேரில் 13 பேர் நோய் தெரிவதற்கு முன்னால் வெளுக்கிற கிரீம் பூசி வந்தவர்கள். குற்றவாளி பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும், பாதரசம் அதை முடக்கிவிடும். முகம் வெளுப்பது அதனால்தான். தோல் வழியாக உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. பூசுகிறவருக்கு மட்டும் கேடு என்றும் இல்லை. தலையணை உறை, துண்டு, குழந்தையின் கன்னம், எல்லாவற்றிலும் ஒட்டும். ஆவியாகி மூச்சிலும் போகும்.

இந்திய அழகுசாதன விதிகள் 2020-இன்படி முகக் கிரீமில் பாதரசம் தற்செயலாகக் கலந்திருந்தால்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று 2023-இல் தொடங்கிய சோதனையில் சில பொருள்களில் அந்த வரம்பைப் போல 12,000 மடங்கு வரை கிடைத்தது. 20 கிராம் டப்பாவுக்குக் கணக்குப் போட்டால் கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவான பாதரசம். பழைய காய்ச்சல் தர்மாமீட்டர் உடைந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோமே, அதே சரக்கைத்தான் விரலால் எடுத்துக் கன்னத்தில் தேய்க்கிறோம்.

அந்த டப்பாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக், தங்க நிற மூடி. உள்ளே சந்தன நிறத்தில் கெட்டியான கிரீம், தூக்கலான சென்ட் வாசனை. மூடி சரியாக மூடாத ஓரத்தில் கிரீம் சாம்பல் நிறமாகிக் கிடக்கிறது. பாதரசம் கலந்த கிரீம் வெளிச்சம் பட்டால் இப்படிக் கறுக்கும். எல்லாம் கறுக்காது, அதனால் கறுக்கவில்லை என்று தைரியம் கொள்ள வேண்டாம். லேபிளில் பெரிய எழுத்து நமக்குப் படிக்கத் தெரியாத மொழி. அடியில் பொடி எழுத்தில் ‘தங்கம், வெள்ளி, ரப்பர், அலுமினியம் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற பொருளில் ஒரு வரி. முகக் கிரீமுக்கு எதற்கு நகை எச்சரிக்கை? அந்த ஒரு வரியே போதும், கீழே வைத்துவிடலாம். கலோமெல், மெர்குரிக், மெர்க்யூரியஸ், ஹைட்ரார்ஜிரி என்று எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் பாதரசம்தான்.

சட்டப்படி விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, பேட்ச் நம்பர், தயாரிப்பு உரிம எண், காலாவதித் தேதி, என்னென்ன கலந்தது என்ற பட்டியல் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், பதிவு வாங்கியவரின் இந்திய முகவரியும் வேண்டும். ‘கல்ஃபிலிருந்து தெரிந்தவர் கொண்டு வந்தது’ என்பது பதிவு எண் ஆகாது. இங்கே அதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்.

முதல் டப்பாவை நிறுத்தியதும் முகம் எரிந்ததே, அது வேறு கதை. அது ஸ்டீராய்டு வேலை. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற மருந்துகளைச் சாதாரண கிரீமில் குழைத்து ‘ஃபார்முலா கிரீம்’ என்று கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அமுக்கும், நிறத்தைக் குறைக்கும். அதனால்தான் பத்தே நாளில் பளபளப்பு. கூடவே தோலை மெலிய வைக்கிறது. சில வாரங்களில் கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரியும், முகத்தில் ரோமம் வளரும், வெயிலில் இறங்கினால் எரியும். நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். வெளியே வருவது அழுக்கு இல்லை, மருந்துக்குப் பழகிப்போன தோல். “அழுக்கு வெளிய வருது” என்று எந்தக் கடையில் கேட்டாலும் அங்கிருந்து வந்துவிடுங்கள். விற்பவருக்குத் தெரியாமல் அந்த வாக்கியம் வாயில் வராது, அடுத்த டப்பாவை விற்கிற வாக்கியம் அது.

மெடிக்கலில் கிடைக்கும் மூன்று மருந்துக் கலவையும் இதே வம்புதான்: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், டிரெட்டினோயின் 0.025, மொமெட்டசோன் 0.1. மங்குக்கு டாக்டர் பார்த்து, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. சீட்டில்லாமல் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு கேடு ஒரு பக்கம், ஹைட்ரோகுவினோனால் வருகிற நீலக் கறுப்புத் திட்டு இன்னொரு பக்கம். அந்தத் திட்டு பிறகு எளிதில் போகாது. பூசுகிற ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018-இலேயே சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இடுக்கில் வரும் படைக்கு இதைப் பூசினால் அரிப்பு அடங்கி, படை அகலமாகப் பரவும். அதையும் தினமும் பார்க்கிறோம்.

இவ்வளவும் எதற்கு? அந்தப் பெண்ணுக்கு இருந்தது தழும்பே இல்லை. பரு ஆறின கறுப்பு. தோலின் மட்டம் மாறாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது கறை. மூன்றிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலும் தானே மங்கும், வெயிலைத் தடுத்தால் சீக்கிரம். தடவிப் பார்த்தால் குழியோ மேடோ தெரிந்தால்தான் தழும்பு. குழியை எந்தக் கிரீமும் நிரப்பாது, அம்மை வடுவையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். குழிக்கு டாக்டர் செய்யும் சப்சிஷன் (ஊசியால் குழியின் அடிப்பிடிப்பை விடுவிப்பது), லேசர், ஆசிட் வைப்பது போன்ற சிகிச்சைதான், அதுவும் முழுசாக மறையாது, ஆழம் குறையும். ‘குழி நிரம்பும்’ என்று கிரீமுக்குக் காசு கேட்பவர் பொய்தான் சொல்கிறார்.

கறைக்கு வீட்டில் செய்யக்கூடியதில் முதலாவது சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30-க்கு மேல், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து. பலர் பட்டாணி அளவு தொட்டுக்கொண்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். கடலைக்காட்டில், தோப்பில் வேலை செய்பவர்கள் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி போட வேண்டும், கூடவே தொப்பியோ முந்தானையோ. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கைக் கறுக்க வைக்கும், வெள்ளைச் சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

அடுத்தது நயாசினமைட் 4, 5 சதவீதம் அல்லது அசெலாயிக் ஆசிட் 10 சதவீதம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டு, முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். பரு இன்னும் வந்துகொண்டே இருந்தால் முதலில் பருவை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கறை போக இரண்டு வரும். அடாபலீன் 0.1 சதவீதம், ராத்திரியில், முகம் முழுக்க ஒரு பட்டாணி அளவு, அதுவும் டாக்டரைக் கேட்டு. கர்ப்பமாக இருப்பவர்கள் அடாபலீனும் டிரெட்டினோயினும் தொடவே கூடாது.

மேடான தழும்புக்கு சிலிக்கான் ஜெல் அல்லது ஷீட். புண் முழுக்க மூடிய பிறகு, பொருக்கு விழுந்த பிறகு. ஜெல் என்றால் மெல்லிசாக நாளுக்கு இரண்டு தடவை, ஷீட் என்றால் நாளுக்குக் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதமாவது. ஆபரேஷன் தழும்பு, சூட்டுத் தழும்பு ஆகியவற்றில் புதிதாக இருக்கும்போதே தொடங்கினால்தான் நல்ல பலன். பழசுக்குக் குறைவு. காது குத்திய இடத்திலோ தோளிலோ நெஞ்சிலோ காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கெலாய்டு. அதற்கு டாக்டர் ஊசி வேண்டும், வீட்டில் கிள்ளவோ சுடவோ கூடாது, பெரிதாகித் திரும்பும்.

உருக்கு வெளிச்செண்ணெய் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய்) பற்றிக் கேட்பார்கள். ஆறிய வறண்ட தழும்பை நீவிவிட நல்லது, பத்து நிமிஷம், நாளுக்கு இரண்டு தடவை. நீவுவதில்தான் பலன். பரு வரும் முகத்தில் வேண்டாம், அடைத்துக்கொள்ளும். விட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தேய்ப்பதை 1999-இலேயே சோதித்துப் பார்த்தார்கள். தழும்பு குறையவில்லை, மூன்றில் ஒருவருக்கு அலர்ஜி வந்தது. எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் கொப்புளம் போட்டு, இருந்ததை விடக் கறுப்பான தடம் விழும். ஆன்லைனில் தோலை உரிக்கும் 50 சதவீத டி.சி.ஏ ஆசிட், 1.5 மில்லிமீட்டர் ஊசி ரோலர் எல்லாம் விற்கிறார்கள், வீட்டுக்கு ஏற்றது அதில் ஒன்றும் இல்லை.

ஏற்கனவே பூசியிருந்தால், பூசுவதை நிறுத்துங்கள். நிறுத்தியதும் முகம் சிவக்கலாம், அதற்காகத் திரும்ப அந்த டப்பாவைத் தொடாமல் அந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள், பாலக்காடோ கோவையோ அரசு மருத்துவக் கல்லூரி போதும். சிறுநீரில் புரதம் பார்க்கும் டெஸ்ட் எடுங்கள், விலை குறைவு. கால் வீக்கம், நுரை, கை நடுக்கம், தூக்கமின்மை இருந்தால் பாதரச அளவும் பார்க்கச் சொல்லுங்கள். பூசியவர் மட்டும் இல்லை, ஒரே கட்டிலில் படுக்கும் குழந்தைக்கும். தலையணை உறை, முகத் துண்டை மாற்றுங்கள். டப்பாவை எரிக்காதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். இறுக்கி மூடி, ஜிப் கவரில் போட்டு, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அது சாட்சி.

புகார் விஷயத்தில் எல்லைக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கடை கேரளா, வாங்கினவர் தமிழ்நாடு, ‘அங்கே போ, இங்கே போ’ என்பார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதும்போது கடை இருக்கும் மாவட்டத்துக்கு எழுதுங்கள். பணத்தையும் நஷ்டத்தையும் கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொள்ளாச்சிக்காரர் கோவையில் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழி கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். பில் இல்லையென்றால் ஜிபே பதிவு, வாட்ஸப் பேச்சு, வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கிரீமை நிறுத்தி மருந்து கொடுத்ததில் வீக்கம் வடிந்துவிட்டது, புரதம் மெல்லக் குறைகிறது, மாதம் ஒருமுறை டெஸ்ட். கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ் இருந்தது. பார்லர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, ‘நாங்கள் விற்கவே இல்லை’ என்கிறார்கள். இரண்டு தடவையும் பணம் போன ஜிபே பதிவும், “பேடிக்காதே மோளே” என்ற வாய்ஸ் மெசேஜும் அந்தப் பெண்ணின் போனில் இருக்கின்றன. பாதி தீர்ந்த இரண்டாவது டப்பா, ஜிப் கவரில், பீரோ மேல்தட்டில்.