ஆறு புள்ளியோடு கிளம்பலாமா, அழைப்புக்குக் காத்திருக்கலாமா?

ஓசூர் சிப்காட்டில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன், வயது 34. கையில் வேலை ஆஃபர் இல்லாமல் வெளிநாட்டில் குடியேற வழி தேடினால் மூன்று நாடுகள்தான் திரும்பத் திரும்ப வரும்: கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, ஆஸ்திரேலியாவின் 189, 190, 491 விசாக்கள், ஜெர்மனியின் சான்சன்கார்ட்டே என்கிற வாய்ப்பு அட்டை (அங்கே போய் வேலை தேடுவதற்கான அனுமதி). நான் எடுத்தது ஜெர்மனி. என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும், தெரிந்தே படியுங்கள்.

கிடைக்கும் விசாவை மட்டும் பார்த்தால் மற்ற இரண்டும்தான் மேல். கனடாவும், ஆஸ்திரேலியாவின் 189, 190 விசாக்களும் நேராக பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) தருகின்றன, 491 மட்டும் ஐந்து வருட விசா, பி.ஆர். கேட்க அங்கே மூன்று வருடம் ஓட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம்.

சிக்கல் அழைப்பில் இருக்கிறது: வயது, படிப்பு, அனுபவம், மொழிக்குப் புள்ளி போட்டு, முன்னால் நிற்பவர்களைத்தான் அந்த அரசுகள் விண்ணப்பிக்க அழைக்கும். ஆஸ்திரேலியாவில் 65 புள்ளி எடுத்தால் வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான். கனடாவில் 67 எடுத்து உள்ளே போனால் அங்கே 1,200க்கு இன்னொரு மதிப்பெண் காத்திருக்கும். அழைப்பு வந்தால்தான் விண்ணப்பமே போட முடியும். அது எப்போது வரும், வருமா என்று எந்த ஏஜென்ட்டும் உறுதி சொல்ல முடியாது. (சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.)

அதுவரை வயது சும்மா நிற்குமா? கனடாவில் திருமணமாகாதவருக்கு 29 வயது வரை வயதுக்கு 110 புள்ளி. 34இல் அது 83, 35 ஆனால் 77. ஆஸ்திரேலியாவில் 33 வயதில் ஐந்து போகும், 40இல் இன்னும் பத்து. ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதி ஏற்றியதை ஒரு பிறந்தநாள் இறக்கிவிடும். அந்தத் தேர்வு முடிவும் கனடாவுக்கு இரண்டு வருடம்தான் செல்லும். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் மருத்துவத் துறையினருக்கும் அங்கே தனி அழைப்புச் சுற்றுகள் நடக்கின்றன. அவர்கள் கனடாவையே பார்ப்பது நல்லது.

ஜெர்மனி அட்டை 2024 ஜூன் 1இல் வந்தது. இதில் குலுக்கலும் இல்லை, கட்-ஆஃபும் இல்லை. அரசு அங்கீகரித்த பட்டமோ, குறைந்தது இரண்டு வருடத் தொழிற்படிப்போ வேண்டும். அதோடு ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 (மொழித் தேர்ச்சி ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும்). அப்புறம் ஆறு புள்ளி. என் கணக்கு இப்படி வந்தது: கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவத்துக்கு 3, வயதுக்கு 2, ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இன்ஜினியர் இருப்பதால் 1. முடிந்தது. 35 தாண்டினால் வயதுக்கு ஒரு புள்ளிதான், 40க்கு மேல் அதுவும் இல்லை. ஆனால் அதை ஜெர்மன் படித்து ஈடுகட்டலாம். ஏ2க்கு 1, பி1க்கு 2, பி2க்கு 3. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: இங்கே என்ன குறைகிறது என்று தெரியும், அதை நானே நிரப்ப முடியும்.

இனி இதன் குறைகள். அட்டை ஒரு வருடத்துக்குத்தான். அதற்குள் படிப்புக்கேற்ற வேலை பிடிக்க வேண்டும்; அதுவரை வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ வீதம் வருடத்துக்கு 13,092 யூரோ காட்ட வேண்டும். முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிய வங்கிக் கணக்கு) போட்டால் மாதாமாதம் நமக்கே வரும், அது கட்டணமாகப் போய்விடும் பணம் இல்லை. ஆனாலும் பத்து லட்சத்துக்கு மேல் ஒரே தடவையில் புரட்டியாக வேண்டும். குடும்பத்தை உடனே அழைத்துப் போவது நடைமுறையில் கடினம்.

நான் இன்னும் கிளம்பவில்லை, அதனால் அங்கே வேலை தேடும் அனுபவம் எனக்கு இல்லை. போனவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஆங்கிலத்தை வைத்து அட்டை வாங்கலாம், தொழிற்சாலைத் தளத்தில் நிற்க ஜெர்மன் வேண்டும். அதனால் பி1 முடித்துவிட்டுத்தான் டிக்கெட் போடப்போகிறேன்.