பழைய ஹார்டு டிஸ்க்கை மீட்டுத் தருவதாகச் சொன்னவரிடம் 18,500 ரூபாய் ஏமாந்தேன்

இன்று மதியம் இரண்டாவது ஆளும் கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்த கையோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து டேட்டா எடுக்க யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

2008-ல் அப்பா அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் அது. 320 ஜிபி டிஸ்க். அப்பா பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த குடும்ப விவரம், தங்கச்சி கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். படங்களாவது ஆல்பத்தில் இருக்கின்றன. ஆனால் 2009 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து தாலாட்டும் ஒப்பாரியும் பாடியதை அப்பா செல்போனில் பதிந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். 11 நிமிஷம். அப்பத்தா குரல் வேறு எங்கேயும் கிடையாது. அப்பாவும் போய்விட்டார்.

பரணிலிருந்து இறக்கித் துடைத்து ஸ்விட்ச் போட்டால் டிக், டிக், டிக் என்று சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி டிக், டிக். பயந்து உடனே அணைத்துவிட்டேன். இணையத்தில் தேடி, மதுரையிலேயே டேட்டா ரெகவரி என்று போர்டு வைத்திருந்த ஒரு சின்னக் கடையைப் பிடித்தேன்.

கடையில் இருந்த பையன் டிஸ்க்கை வாங்கிக் காதருகே வைத்துப் பார்த்தான். "ஹெட் போயிருக்குண்ணே, பிளாட்டர் நல்லா இருக்கும். தொண்ணூறு பர்சன்ட் வந்துரும்" என்றான். பிளாட்டர் என்பது டேட்டா பதிந்திருக்கும் தகடு, ஹெட் என்பது அதைப் படிக்கும் முனை. மாடியில்தான் லேப், தூசி போய்விடும் என்பதால் யாரையும் உள்ளே விடுவதில்லை என்றான். போனில் ஒரு வீடியோ காட்டினான், வெள்ளைக் கோட் போட்ட ஆள் கண்ணாடிப் பெட்டிக்குள் டிஸ்க்கைத் திறக்கிறார். அப்போதுகூட நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பத்தா பாட்டு என்று வாய்விட்டுச் சொன்னதும் அவன் எழுந்து நின்றுவிட்டான். "எனக்கும் அப்பத்தா இருந்துச்சுண்ணே. இது என் பொறுப்பு" என்றான். அங்கேதான் நான் விழுந்தேன். பரிசோதனைக்கு 3,500, அதே மாடல் டோனர் டிரைவ், அதாவது ஹெட்டைக் கழற்றி எடுக்க இன்னொரு டிஸ்க், வாங்க 15,000. மொத்தம் 18,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். கடைப் பெயருக்குப் போகாமல் ஏதோ ஒரு தனி ஆள் பெயருக்குப் போனது. அதையும் பார்த்தேன், கேட்கவில்லை. பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் "ஹார்டு டிஸ்க் 1" என்று எழுதிக் கொடுத்தான்.

முதல் வாரம், டோனர் டெல்லியிலிருந்து வர வேண்டும். இரண்டாம் வாரம், வந்துவிட்டது, ஹெட் சேரவில்லை. மூன்றாம் வாரம், வேலை தெரிந்த பையன் லீவு. அப்புறம் போனே எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. அம்மா தினமும் காலையில் "பாட்டு வந்துருச்சாய்யா?" என்று கேட்பாள். 40 நாள் கழித்து நேரில் போய் நின்றேன். அதே பையன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கும்போது அண்ணே, இப்போது சார்.

"டேட்டா கரப்ட் சார். கேரண்டின்னு நான் சொல்லவே இல்லையே."

"அந்த டோனரையாவது காட்டுங்க."

"அது லேப்ல இருக்கு."

"மாடிக்குத்தானே போகணும், வாங்க போவோம்."

"லேப் பெங்களூர்ல சார்."

டிஸ்க்கைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். மேல்மூடி ஸ்டிக்கர் பிளேடால் கீறப்பட்டிருந்தது. திருகு ஒன்றைக் காணோம், மற்றவற்றின் தலையெல்லாம் தேய்ந்து கிடந்தது. 18,500 ரூபாய்க்குக் கிடைத்தது இதுதான்.

மனசு கேட்காமல் நேற்று இரவு பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். முறையாகத் தூசியில்லா அறை வைத்திருக்கும் ஒருவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்திவிட்டுத் திறந்து காட்டினார். கண்ணாடிபோல் பளபளக்க வேண்டிய தகட்டில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு கீறல். ஓரத்தில் ஒரு விரல் ரேகை. தெளிவாகத் தெரிந்தது, கோடு கோடாக.

தகடு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுற்றும்போது ஹெட் அதைத் தொடாமல் மிதக்குமாம். நடுவில் உள்ள இடைவெளி தலைமுடித் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். சாதாரண மேஜையில் வைத்துத் திறந்தால் விழும் தூசியே அதற்குப் பாறை. திறந்த டிஸ்க்கை அப்படியே ஓட விட்டிருக்கிறார்கள், காந்தப் பூச்சு உரிந்து போய்விட்டது. பூச்சோடு டேட்டாவும் போயிற்று, இனி யாராலும் எடுக்க முடியாது என்றார். முதலிலேயே இங்கே வந்திருந்தால் ஹெட்டை மாற்றிப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை. 18,500 போனால் சம்பாதித்துக்கொள்வேன். ஒன்றும் தெரியாமல் அப்பத்தா குரல் மேல் கை வைத்தான் பாருங்கள், அதுதான் ஆறவில்லை.

விரிவாக எழுத இப்போது தெம்பில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டிக் டிக் சத்தம் வந்தால் உடனே அணையுங்கள், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் புரோகிராமை ஓட்டாதீர்கள். ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள், வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துவிடும். திறக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்காதீர்கள். டோனருக்கு என்று முன்பணம் கேட்டால், வாங்கியதும் காட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கடைப் பெயரில் பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. நாளைக் காலை கூப்பிடப் போகிறேன். ஆதாரம் என்று என்னிடம் இருப்பது அந்த விசிட்டிங் கார்டும், யாரோ ஒருவர் பெயருக்கு 18,500 ரூபாய் போன ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.