பழைய இம்பல்ஸைத் தேற்றுவதா, எக்ஸ்பல்ஸுக்கு மாறுவதா?

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மண்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களில் சிலர் இன்னமும் ஹீரோ இம்பல்ஸ் பைக்கை விடாமல் வைத்திருக்கிறார்கள். 2011-இல் வந்து, 2017 வாக்கில் நின்றுபோன வண்டி. அதை வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் வருகிறது: செலவு செய்து இதையே தேற்றுவதா, விற்றுவிட்டு அதே ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200-க்குப் போவதா? நான் போய்விட்டேன். செகண்ட் ஹேண்டில் ஒரு எக்ஸ்பல்ஸ் 200 4வி (நாலு வால்வு எஞ்சின் மாடல்) வாங்கினேன். அதுதான் சரி என்றும் நினைக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக இல்லை.

வழக்கமான காரணம் பவர். இம்பல்ஸ் 149 சிசி, 13 குதிரைசக்தி சொச்சம். 4வி 199.6 சிசி, 19.1 குதிரைசக்தி, அதோடு எஞ்சின் சூட்டைத் தணிக்க ஆயில் கூலர். ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும், தார் ரோட்டில் இன்னும் நன்றாகத் தெரியும். மண்பாதையில் முதல் இரண்டு கியரிலேயே ஓட்டுகிறவருக்கு இம்பல்ஸின் பவரே போதும். சக்கரம் அப்படியில்லை. இம்பல்ஸில் முன்னால் 19 இன்ச், எக்ஸ்பல்ஸில் 21. நம் பக்கத்துப் பாதை செம்மண் பாதி, உருட்டுக்கல் பாதி. ஓடைப் படுகையில் இறங்கினால் முழுக்கக் கல்தான். அங்கே பெரிய சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் ஏறிப் போகிறது. கை வலி குறைவதில் இருந்தே அது புரிந்துவிடும்.

இம்பல்ஸ் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எடை 134 கிலோ. 4வி 158. கூடுதல் 24 கிலோ என்பது கிட்டத்தட்ட அரை சிமென்ட் மூட்டை. கூட ஆள் இருந்தால் பெரிதாகத் தெரியாது. தனியாகப் போய், சரிவில் தலைகீழாகக் கிடக்கும் வண்டியைத் தூக்கும்போது நன்றாகவே தெரியும். தரையிலிருந்து உயரமும் இம்பல்ஸுக்குத்தான் அதிகம்: 245 மி.மீ. எக்ஸ்பல்ஸுக்கு 220. எக்ஸ்பல்ஸின் அடியில் எஞ்சினைக் காக்கும் தகடு இருப்பதால் கல் தட்டினாலும் பயமில்லை, ஆனால் தட்டத்தான் செய்கிறது. லேசான வண்டிதான் முக்கியம், தார் ரோட்டுப் பக்கமே போகப் போவதில்லை என்பவர் இம்பல்ஸை விற்க அவசரப்பட வேண்டாம்.

இனி நான் முடிவெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். உதிரி பாகம். அதிலும் எஞ்சின் பாகம் இல்லை, குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகம்.

பழைய வண்டியைத் தேற்றுவது என்றாலே எல்லோர் கண்ணும் எஞ்சின் மேல்தான் போகிறது. புகை அடிக்கிறதா, பிக்கப் இருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்கிறோம். இம்பல்ஸின் எஞ்சின் ஹங்க், சிபிஜெட் எக்ஸ்ட்ரீம் குடும்பத்து எஞ்சின். பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், டைமிங் செயின் எதற்கும் பெரிய அலைச்சல் கிடையாது. அந்த வண்டிகளைக் கழற்றி மாட்டிக் கை பழகிய மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். மெக்கானிக் அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னது: "எஞ்சின நான் பாத்துக்கறேன் தம்பி, நீங்க முன் ஃபோர்க்கும் பின் ஷாக்கும் எங்கயாச்சும் கிடைக்குமான்னு பாருங்க." அவர் சொன்னதில்தான் எல்லாமே இருக்கிறது.

மண்பாதை வண்டியில் முதலில் தேய்வது எஞ்சின் இல்லை. கல்லில் குதித்துக் குதித்து ஓடும்போது அடி முழுவதையும் வாங்குவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் பின்னால் இருக்கும் ஒற்றை ஷாக்கான மோனோஷாக்கும்தான். ஃபோர்க்கில் புழுதி அப்பி ஆயில் சீல் வெட்டுப்படும். சீல் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் உள்பைப்பில் துரு பிடித்துக் குழி விழுந்திருந்தால், எத்தனை சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும். அப்போது பைப்பை மாற்ற வேண்டும், அல்லது ஹார்டு குரோம் போடும் இடத்துக்குக் கொண்டுபோய்த் தேய்த்து வாங்க வேண்டும். கிடைக்கிற வழிதான், ஆனால் வேலை சரியாக வந்ததா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பின் ஷாக்தான் உண்மையான தலைவலி. அது சீல் வைத்த யூனிட், சாதாரண பட்டறையில் பிரித்து ரிப்பேர் பார்க்கிற பொருள் இல்லை. போய்விட்டால் வேறு வண்டியின் ஷாக்கைக் கொண்டுவந்து, புஷ் கடைந்து மாட்டுகிறார்கள். பார்க்கப் பொருந்திவிடும். ஆனால் நீளம் அரை இன்ச் மாறினால் சீட் உயரம் மாறும், செயினின் இழுவை மாறும், முன்சக்கரம் மண்ணில் பதியும் விதமே மாறும். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் கல்மேட்டில் பின்சக்கரம் தூக்கி எறியும். மென்மையாக இருந்தால் குழியில் இடித்து இடுப்பு போகும். மண்பாதைக்கென்றே வடிவமைத்த வண்டி, அந்த ஒரு பாகம் மாறியதும் சாதாரண வண்டியாகிவிடுகிறது. உற்பத்தி நின்று இத்தனை வருஷம் ஆன வண்டிக்கு இந்த நிலை வருவது இயல்புதான்.

எக்ஸ்பல்ஸில் இந்தக் கவலை இல்லை. பாகத்தின் எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் வருகிறது. சிலவற்றுக்குக் காத்திருக்க வேண்டும், ஆனால் வருகிறது. விழுந்தால் உடையும் லீவர், வளையும் ஹேண்டில், கியர் பெடல் போன்றவற்றைக் கடையிலேயே வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றால் ராலி கிட் என்று நீண்ட சஸ்பென்ஷனே தனியாக உண்டு. அதில் சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. சாதாரண வண்டியில் 190, 170. கிட் போட்டால் சீட் 885 மி.மீ. உயரத்துக்குப் போய்விடும், கால் எட்டாதவர்கள் தொட வேண்டாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

"எஃப்.ஐ. வண்டி நடுக்காட்டில் நின்றால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். எஃப்.ஐ. என்பது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும் ஏற்பாடு. நியாயமான கேள்வி. கார்புரேட்டரை ஸ்பேனர் வைத்தே சுத்தம் செய்துவிடலாம், இதில் முடியாது. அந்தப் பயம் உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தபோது கார்புரேட்டர் மாடலும் விற்றார்கள். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் இரண்டு பக்க நன்மையும் உண்டு. ஆயில் கூலர் மட்டும் அதில் இருக்காது.

பிரேக்கில் ஒரு எச்சரிக்கை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இம்பல்ஸில் கிடையாது. எக்ஸ்பல்ஸில் முன்சக்கரத்துக்கு உண்டு. சரளை இறக்கத்தில் அது நாம் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தாது. 2023 முதல் வந்த 4வி-யில் பாதைக்கேற்ப மாற்றிக்கொள்ள மூன்று ஏபிஎஸ் மோடு இருக்கிறது. அதற்கு முந்தையதை வாங்குகிறவர்கள் முதல் சில நாள் இறக்கத்தில் நிதானமாக ஓட்டிப் பழக வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. தொப்பூர் வழியாக நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அருமையான வண்டி, ஆனால் 199 கிலோ. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139 கிலோ. மண்பாதைக்கு இதுவே சிறந்ததாக இருக்கக்கூடும். கொஞ்ச தூரம்தான் ஓட்டியிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எக்ஸ்பல்ஸ் 210 விஷயத்திலும் அப்படியே.

தார் ரோட்டைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நல்ல காட்டுத்தடம் பெரும்பாலும் வனத்துறை எல்லைக்குள் இருக்கிறது. காவிரி வடக்கு சரணாலயம் 2014-இல், காவிரி தெற்கு 2022-இல் அறிவிக்கப்பட்டன. அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் யானை நடமாட்டமும் அதிகம். அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி விடுவது குற்றம், யானைக்கும் நமக்கும் ஆபத்து. ஆக நமக்கு மிச்சம் ஏரிக்கரை, மாட்டுவண்டித் தடம், கேழ்வரகு நிலங்களுக்கு நடுவே போகும் பொதுவழி. இவை துண்டு துண்டாகக் கிடக்கின்றன, நடுவில் தார் ரோடு. அரூரிலிருந்து சித்தேரி அடிவாரம் போய்த் திரும்ப வேண்டுமென்றாலும் ரோட்டில் பதற்றமில்லாமல் ஓடும் வண்டி வேண்டும். அதில் எக்ஸ்பல்ஸ் தெளிவாக மேல்.

இம்பல்ஸை வைத்துக்கொள்வதென்றால் ஆர்.சி.யை எடுத்துத் தேதி பாருங்கள். பதிவாகி 15 வருஷம் ஆனதும் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. எஞ்சின் செலவைக் கணக்குப் போடுமுன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின் ஷாக் இன்னும் உயிரோடு இருந்தால் மட்டும் மேலே செலவு செய்யலாம்.

எக்ஸ்பல்ஸ் வாங்குவதென்றால் அடித்தகட்டைக் குனிந்து பாருங்கள், வண்டி எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதை அந்தப் பள்ளங்கள் சொல்லும். ஃபோர்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் பிடிக்கிறதா, ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஓசூரில் விலை குறைவாகச் சொல்லும் வண்டி கர்நாடகப் பதிவாக இருந்தால், தமிழ்நாட்டு வரியையும் மறுபதிவுச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். பழைய ஆர்டிஓ தரும் ஆட்சேபனையில்லாச் சான்று (என்ஓசி) கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.