தொட்டியா, வலையா, திறந்த கடலா: டால்பினோடு நீந்துவதில் எது குறைந்த பாவம்?

துபாய், பாலி, மெக்சிகோவின் கான்கூன் என எந்தச் சுற்றுலாத் தொகுப்பைப் புரட்டினாலும் அந்தப் படம் கண்ணில் படும். நீல நீரில் மிதவைச் சட்டையுடன் ஒரு பெண், அவள் கன்னத்தில் மூக்கைப் பதிக்கும் ஒரு டால்பின். இந்தியாவுக்குள் இந்த வியாபாரம் வேர்விடவில்லை. 1998இல் சென்னைக்கு அருகே டால்பின் சிட்டி என்ற பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து வந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்துபோயின. 2013 மே மாதம், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவித்துவிட்டது. ஆகவே ஆசைப்படுபவர்கள் வெளிநாட்டுக்குப் போகிறார்கள்.

அங்கே அவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. கான்கிரீட் தொட்டி, கடலோரத்தில் வலையடித்த அடைப்பு, திறந்த கடல். சுத்தம், கட்டணம், பாதுகாப்பு என்று ஒப்பிடுவதற்குப் பல அம்சங்கள் உண்டு. நான் ஒன்றை மட்டும் முதலில் பார்ப்பேன்: போதும் என்று தோன்றும்போது டால்பின் விலகிப் போக முடியுமா?

தொட்டியில் முடியாது. சுவர் இருக்கிறது. சுவரைவிடப் பெரிய தடை சாப்பாடு. விசில், கைச்சைகை, மீன் என்ற சங்கிலியில்தான் அதன் நாள் ஓடுகிறது. விருந்தினர் வயிற்றைத் தடவ நின்றுகொடுத்தால் மீன் கிடைக்கும். அதுவும் உறைய வைத்து உருக்கிய மீன். உறைந்து உருகும்போது மீனின் நீர்ச்சத்து போய்விடுவதால், பல இடங்களில் ஜெலட்டின் கட்டிகளையும் சேர்த்து ஊட்டுகிறார்கள். கடலில் ஒரு நாளில் பல பத்து கிலோமீட்டர் திரியக்கூடிய விலங்கு இங்கே சில மீட்டர் ஆழத்தில் வட்டமடிக்கிறது. "ஆனாலும் சிரித்துக்கொண்டேதானே இருக்கிறது" என்று திரும்பி வந்தவர்கள் சொல்வார்கள். அது தாடையின் அமைப்பு. செத்துக் கரை ஒதுங்கிய டால்பினின் முகத்திலும் அதே சிரிப்பு இருக்கும்.

எங்கிருந்து வந்தவை என்பது அடுத்த கேள்வி. 2007இல் துபாயின் பனைத்தீவில் திறக்கவிருந்த சொகுசு விடுதி ஒன்றுக்காக சாலமன் தீவுகளின் கடலில் பிடித்த 28 டால்பின்கள் விமானத்தில் கொண்டுவரப்பட்டன. ஜப்பானின் தாய்ஜியில் படகுகளால் வளைத்து விரட்டப்படும் கூட்டங்களில் இளமையானவை காட்சியகங்களுக்கு உயிரோடு விற்கப்படுகின்றன. மற்றவற்றில் பல இறைச்சியாகின்றன. "எங்களுடையவை இங்கேயே பிறந்தவை" என்று சில நிறுவனங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் என் முதல் கேள்விக்கு விடை மாறுவதில்லை. தொட்டியில் பிறந்ததற்குத் தொட்டி ஊராகிவிடாது.

வலை அடைப்பு இதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபுளோரிடாவின் தீவுத் தொடரிலும் பஹாமாஸிலும் கரீபியன் தீவுகளிலும் இவை நிறைய. குளோரின் இல்லை. அலையேற்றம் உண்டு, வலைக்கண் வழியே சிறு மீன்களும் வரும். ஆனால் கரையோரம் ஆழம் குறைவு. படகு இரைச்சலும் ஊர்க் கழிவும் அங்கேதான் வந்து சேரும். புயல் வந்தால் ஒதுங்கவும் வழியில்லை. ஹோண்டுராஸின் ரொவாட்டன் தீவில் வலைக்கு வெளியேயும், முக்குளிப்பவர்களோடு டால்பின்களைத் திறந்த கடலில் விடுகிறார்கள். அவை திரும்பி வருவதை விருப்பத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். மீன் வாளி கரையில் இருக்கும்போது அதை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் திறந்த கடல்தான் விடையா? நானும் அப்படி எண்ணக்கூடியவன்தான். நியூசிலாந்தும் ஹவாயும் வேறு கதை சொல்கின்றன.

ஹவாயின் ஸ்பின்னர் டால்பின்கள் இரவில் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டு, பகலில் கரையோர வளைகுடாக்களில் ஓய்வெடுக்கும். சுற்றுலாப் படகுகள் கிளம்புவதும் காலையில், போவதும் அதே வளைகுடாக்களுக்கு. இரவு வேலைக்குப் போய்வந்தவர் வீட்டில் காலை முழுவதும் விருந்தாளிகள் கதவைத் தட்டுவது போன்றது இது. 2021இல் அமெரிக்க அரசு, கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் அவற்றை 50 கஜத்துக்குள் நெருங்கவும் அவற்றோடு நீந்தவும் தடை விதித்தது.

நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் இன்னும் கசப்பான எடுத்துக்காட்டு. அங்கே வலை இல்லை, மீன் வாளி இல்லை, படகுகளுக்கு உரிமம் இருந்தது, வந்தவர்கள் எல்லோரும் டால்பின் பிரியர்கள். ஆனாலும் அந்த வளைகுடாவுக்கு வரும் பாட்டில்மூக்கு டால்பின்களின் எண்ணிக்கை 1999க்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. குட்டிகளில் முக்கால் பங்கு பிழைக்கவில்லை. மனிதர்களோடு பழகுவதில் ஓய்வும் பால் கொடுப்பதும் குறைகின்றன என்று கண்ட அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2019இல் அங்கே நீந்துவதை நிறுத்திவிட்டது. ஆக, விலகிப் போக முடிந்தால் மட்டும் போதாது. விலகிப் போவதற்கு அது என்ன விலை கொடுக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

அதே நாட்டின் கைகோராவில் நீந்துவதற்கு இன்னும் அனுமதி உண்டு. அங்கே டஸ்கி டால்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரிகின்றன. உரிமங்களுக்கு வரம்பு இருக்கிறது. குட்டிகள் உள்ள கூட்டத்தோடு நீந்தக்கூடாது என்பது நாடு முழுவதற்குமான சட்டம். மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால், இப்படிப்பட்ட இடத்தைத்தான் நான் சொல்வேன், அதுவும் தயக்கத்தோடு.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு டால்பின் சிகிச்சை என்று பெரும் பணம் வாங்கும் இடங்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. லோரி மரினோ, ஸ்காட் லிலியன்ஃபெல்ட் ஆகிய ஆய்வாளர்கள் 1998இலும் 2007இலும் அந்தச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளை அலசி, நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பணம் ஊரிலேயே நல்ல பயிற்சியாளருக்குப் போகட்டும்.

தொட்டிக்காரர்களின் வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது ஒன்றுதான்: டிக்கெட் நின்றுபோனால் இப்போது இருப்பவற்றுக்கு யார் சோறு போடுவது? துருக்கியின் ஹிசாரோனுவில் பயணிகளோடு நீந்தவைக்க ஒரு சிறு குளத்தில் அடைக்கப்பட்டிருந்த டாம், மிஷா என்ற இரண்டும் 2010இல் மீட்கப்பட்டன. கடல் அடைப்பில் உயிர் மீனைப் பிடிக்க மறுபடி பழகி, 2012 மே மாதம் விடுதலையாயின. பாலியில் விடுதிக் குளத்திலிருந்து மீட்கப்பட்ட மூன்று டால்பின்கள் 2022இல் கடலுக்குத் திரும்பின. எல்லாவற்றாலும் இது முடியாது. பல பத்தாண்டுகள் ஊட்டி வளர்க்கப்பட்டவற்றுக்கு ஓய்வுக்கால அடைப்புதான் வழி. 2025இல் கடல் பாலூட்டிகளைக் காட்சிக்குப் பயன்படுத்தத் தடை விதித்த மெக்சிகோவும், இருக்கும் டால்பின்களைக் கடல் அடைப்புகளுக்கு மாற்றச் சொல்கிறது. நான் மேலே குறை சொன்ன அதே வலைதான். உள்ளே பயணி இறங்கக்கூடாது, புதிய குட்டி பிறக்கக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் இருந்தால் அந்த வலையை நான் ஏற்பேன், அதற்குப் பணமும் கொடுப்பேன்.

நம் வாசகர்களுக்கு அருகில் இருப்பது இலங்கையின் கல்பிட்டி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஸ்பின்னர் டால்பின்கள் அங்கே பெருங்கூட்டமாக வரும். தண்ணீரில் இறங்காமல் படகிலிருந்தே பார்க்கலாம். எந்தப் படகில் ஏறுவது என்பதற்கு ஓர் எளிய சோதனை: "டால்பின் கட்டாயம் தெரியும், கிட்டவே கொண்டுபோகிறேன்" என்று உறுதி தருபவரை விட்டுவிடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் துரத்தித்தான் ஆக வேண்டும். தூரத்தில் இயந்திர வேகத்தைக் குறைத்து, கூட்டத்தின் முன்னால் குறுக்கிடாமல் பக்கவாட்டில் போகிறேன் என்பவரிடம் ஏறலாம், அன்றைக்கு ஒன்றும் தென்படாவிட்டாலும் பணம் திரும்பாது என்று தெரிந்தே.