வீடியோ எடிட்டிங் பண்றவங்களுக்கு இந்த யூஎஸ்பி நாப் (கம்ப்யூட்டர்ல சொருகற திருகு குமிழ்) கண்டிப்பா வேணும்

வலது கை மவுஸ்லயே இருக்கும், இடது கையால திருகினா டைம்லைன் ஒவ்வொரு ஃப்ரேமா நகரும், கட் வைக்க வேண்டிய இடம் டக்குனு கையில சிக்கும், இதுக்காகவே இதை வாங்கலாம். உள்ள இருக்கறது ரோட்டரி என்கோடர், அதாவது திருகறதை சிக்னலா மாத்தற பாகம், எங்கயும் முட்டி நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கலாம். கம்ப்யூட்டர் இதை கீபோர்டாதான் பாக்குது, தனி டிரைவர் தேவையில்ல. என்னோடதுல வியாங்கற கீ மாத்தற சாஃப்ட்வேருக்கு சப்போர்ட் இருக்கு, குரோம்லயே எந்தப் பக்கம் திருகினா என்ன கீ, அழுத்தினா என்ன கீன்னு மாத்திக்கலாம், செட்டிங் நாப்குள்ளயே சேவ் ஆகறதால வேற மெஷின்ல சொருகினாலும் அப்படியே வேலை செய்யும், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். வெயிட் கம்மி, வேகமா திருகினா டேபிள்ல நகருது, அடியில ரப்பர் ஒட்டினதும் சரியாச்சு. வெறும் வால்யூமுக்குன்னா வேண்டாங்க, கீபோர்டு பட்டனே போதும்.