மொபிலிட்டி ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் நடக்க முடியாத பெரியவர்களுக்காக மொபிலிட்டி ஸ்கூட்டர் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. சீட்டும் ஹேண்டிலும் வைத்து, நாலு சின்னச் சக்கரத்தில் நடை வேகத்தில் போகுமே, அந்த பேட்டரி வண்டி. கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர், வீல்சேர் எல்லாம் வாடகைக்கு விடும் ஒரு கடையில் எடுத்தோம். எங்களுடைய 12,000 ரூபாய் அட்வான்ஸ் அவர்கள் கையில் மாட்டிக்கொண்டது போதாதென்று, மேற்கொண்டு 6,500 கொடு என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வேறு வந்துகொண்டே இருக்கிறது. புகார் நடப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை, நாங்கள் போன தீம் பார்க்கின் பெயரையும் போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் எந்தக் கடையானாலும் பிடித்துவிடலாம்.

நைனா, அதாவது எங்கள் அப்பா, ஹார்பரில் வின்ச் ஓட்டி ரிட்டையர் ஆனவர். சர்க்கரையில் வலது கால் விரல்கள் போய்விட்டன. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பார், தெருமுனை டீக்கடைக்குப் போவதற்குள் உட்கார இடம் தேடுவார். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து பிள்ளைகள் தீம் பார்க் போகணும் என்று ஒரே நச்சரிப்பு, அதிலும் தாத்தா வராமல் நான் வரமாட்டேன் என்று சின்னவள் அடம். பார்க்கிலேயே வீல்சேர் தருவார்கள்தான், ஆனால் நாள் முழுக்க வெயிலில் தள்ள எனக்கும் தம்பிக்கும் முதுகு இடம் கொடுக்காது, அதைவிட முக்கியம் இன்னொருத்தர் தன்னைத் தள்ளிக்கொண்டு போவது நைனாவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. காலம் பூரா டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்கியவர், சரி, அவரே ஓட்டட்டும் என்று முடிவு செய்தோம்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "அண்ணே, வண்டி புதுசு மாதிரி. ஃபுல் சார்ஜுல 20 கிலோமீட்டர் போகும். காலைல ஏத்தி உக்கார வெச்சீங்கன்னா நைட்டு வரைக்கும் கவலையே இல்ல." மீட்டரில் முள் பச்சையில் கடைசிவரை போய் நின்றது. கடை வாசலில் சமதளமாக இருக்கும் இடத்தில் நைனாவை உட்கார வைத்து நாலடி ஓட்டிக் காட்டினார். ஒரு நாளைக்கு 1,800 வாடகை, அட்வான்ஸ் தனி. ஜிபே பண்ணினால் கடை பெயர் வரவில்லை, ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது, கேட்டதற்கு வீட்டம்மா நம்பர் என்றார். பில் கேட்டதும் கொஞ்சம் முகம் மாறியது. கடைசியில் மேலே "எஸ்டிமேட்" என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, வண்டியின் சீரியல் எண் இல்லை, "ஸ்கூட்டர் 1, நல்ல கண்டிஷன்" என்று பேனாவால் எழுதி எங்களிடமே ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அந்த "நல்ல கண்டிஷன்" எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. தம்பி எப்போதும் எதையும் போனில் எடுத்து வைக்கிற ஆள், வண்டியைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டான். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கிற உருப்படியான ஆதாரம் அதுதான்.

வண்டியைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பார்க்குக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டபோது "எல்லா இடத்துக்கும் ராம்ப் இருக்கு சார், நோ ப்ராப்ளம்" என்றவர்கள், கேட்டுக்கு வந்ததும் "பேட்டரி வண்டி உள்ளே அலவ்டு இல்லை" என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பொதுமக்களுக்குச் சேவை தருபவர்கள், அரசோ தனியாரோ, அதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்து தர வேண்டும் என்று அதன் 46-ஆம் பிரிவு சொல்கிறது, விதிகள் வந்ததிலிருந்து இரண்டு வருஷ கெடு, விதிகள் வந்தது 2017-இல். இதையெல்லாம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவருக்குச் சொன்னதை அவர் செய்கிறார். சூப்பர்வைசர் வந்து நைனாவின் யூடிஐடி கார்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி விட்டார். டிக்கெட்டில் ஒரு ரூபாய் குறையவில்லை, அதை நாங்கள் கேட்கவும் இல்லை.

உள்ளே சமமான பாதையில் வண்டி ஜோராகத்தான் போனது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடிவர நைனா ஹாரன் அடித்துக்கொண்டே போனார். முதல் ராம்ப்பில் ஏறும்போதே, "டேய், முள்ளைப் பாரு" என்றார். பச்சையில் இருந்த முள் ஏறும்போது சிவப்புக்குச் சாய்கிறது, மேலே போய் நின்றால் மெதுவாகப் பச்சைக்குத் திரும்புகிறது. எங்களுக்கு அது மீட்டர் கோளாறு மாதிரி தெரிந்தது, ஆனால் அவர் மெஷினோடு வாழ்ந்தவர், "மீட்டர் நல்லாத்தான் இருக்கு, உள்ள சரக்கு இல்ல" என்று சொல்லிவிட்டார். பழைய லெட் ஆசிட் பேட்டரி இப்படித்தான் ஏமாற்றும். சும்மா நிற்கும்போது வோல்ட் சரியாகக் காட்டும், ஏற்றத்தில் மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுத்ததும் படுத்துவிடும். கடைக்காரர் சமதளத்தில் மட்டும் ஓட்டிக் காட்டியதற்கு அதுதான் காரணம்.

ஐஸ்கிரீம் ஸ்டால் பையன் ஒருத்தன் நல்ல மனசோடு ப்ளக் பாயிண்ட் கொடுத்தான். காலியான பேட்டரி நிரம்ப ஆறேழு மணி நேரம் பிடிக்க வேண்டும். இதில் நாங்கள் தயிர் சாதம் சாப்பிட்டு முடிப்பதற்குள் சார்ஜரில் பச்சை லைட் எரிந்துவிட்டது. தம்பிக்கு ஒரே சந்தோஷம். நைனா மட்டும், "இவ்ளோ சீக்கிரம் ரொம்புச்சுன்னா டேங்க் சின்னதுன்னு அர்த்தம்" என்றார்.

அவர் சொன்னபடியே ஆனது. ஒரு செயற்கை மலைக்குப் போகும் ராம்ப், பாதி ஏற்றத்தில் வண்டி பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. (ராம்ப் என்றால் 12 அடி நீளத்துக்கு ஒரு அடிக்கு மேல் உயரக் கூடாது என்பது இந்திய வழிகாட்டு விதி. அங்கே இருந்தது சாமான் ஏற்றும் தள்ளுவண்டிக்குப் போட்ட ஏற்றம்.) கடைக்காரர் கொடுக்கும்போது, "எங்கேயாவது நின்னுட்டா பின்னாடி இந்த லிவரை இழுத்துட்டுத் தள்ளிக்கோங்க" என்று சொல்லியிருந்தார். தம்பி இழுத்தான். அடுத்த நொடி வண்டி நைனாவோடு பின்னால் உருண்டது. இந்த வண்டிகளில் கையை எடுத்தாலே மோட்டாரில் இருக்கும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், அந்த லிவர் அந்தப் பிரேக்கைத்தான் விடுவிக்கிறது, அதை இழுத்தபின் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது, ஆள் உட்கார்ந்திருக்கும்போது சரிவில் அதைத் தொடவே கூடாது. இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கொடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நானும் தம்பியும், பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு காலேஜ் பையனும் சேர்ந்து சீட்டைப் பிடித்ததால் தப்பினோம். பையனுக்கு முழங்கை சிராய்ப்பு. அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை, இதைப் படித்தால் நன்றி தம்பி.

அதற்குமேல் பார்க் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. க்யூவில் ஆட்டை அடைக்கிற மாதிரி வளைத்து வளைத்துப் போட்ட இரும்புக் கம்பிகளுக்குள் இந்த வண்டி திரும்பாது. மாற்றுத்திறனாளிகளுக்கான பாத்ரூம் பூட்டியிருந்தது, சாவி வந்து திறந்தபோது உள்ளே மாப்பும் பக்கெட்டும் ஃபினாயில் கேனும் அடுக்கியிருந்தன. ரைடுகளில் தானாக இறங்க முடியாதவர்களை ஏற்றமாட்டோம் என்றார்கள், அது பாதுகாப்பு விஷயம், அதில் எனக்குக் கோபமில்லை. மிச்ச நேரம் நைனா ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளின் செருப்புக்கும் பைக்கும் காவல் இருந்தார்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கொருக்குப்பேட்டையில் தெரிந்த இன்வெர்ட்டர் பேட்டரி மெக்கானிக்கிடம் காட்டினோம். இந்த வண்டியில் பேட்டரி பெட்டியைக் கழற்ற ஸ்க்ரூ ட்ரைவர்கூட வேண்டாம், சீட்டை எடுத்துவிட்டு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். உள்ளே இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாகச் சேர்த்து 24 வோல்ட். இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்று ஓரளவு புதுசு, இன்னொன்றின் பக்கவாட்டு பிளாஸ்டிக் விரலால் தடவினாலே தெரிகிற அளவுக்கு உப்பியிருந்தது. இரண்டில் ஒன்று செத்துப்போனால் நல்லதையும் அது இழுத்துக்கொண்டு போகும் என்றார் மெக்கானிக். லோடு கொடுத்து மல்டிமீட்டர் வைத்தார், நல்லது 12-ஐ ஒட்டி நின்றது, உப்பியது எட்டு வோல்ட்டுக்கு இறங்கியது. கனெக்டர் முழுக்கப் பச்சையாகக் களிம்பு. பெட்டி உட்காரும் தட்டின் உள்பக்கச் சுவரில், சுமார் மூன்று விரல் உயரத்தில், காய்ந்த சேற்றுக் கோடு. "அண்ணே, இது தண்ணில நின்ன வண்டி" என்றார் ஒரே வார்த்தையில். எந்த மழையோ தெரியாது, ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நம் பக்கம் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கிற எல்லோரும் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுத்தோம்.

கடையில் போய் இறக்கியதும் ஆள் வேறு முகம். வண்டி ஏறவில்லை என்று நாங்கள் சொல்வதற்கு முன்பே, "ஓவர்லோடு போட்டு ஓட்டிருக்கீங்க, பேட்டரியும் போச்சு, மோட்டாரும் அடி வாங்கிருக்கு" என்றார், சாவியைக்கூட இன்னும் திருகிப் பார்க்கவில்லை. சீட்டுக்குக் கீழே 113 கிலோ வரை என்று ஸ்டிக்கர் இருக்கிறது, நைனா எழுபதைத் தாண்டமாட்டார். மெக்கானிக் வீடியோவைக் காட்டினால், "யாரைக் கேட்டு பேட்டரியைக் கழட்டினீங்க? வாரண்டி போச்சு" என்று அதற்கும் ஒரு சார்ஜ். துண்டுச் சீட்டை எடுத்து நீட்டி, "நல்ல கண்டிஷன்ல வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்றார். உப்பின பேட்டரி ஒரே நாளில் உப்பியது என்றே வைத்துக்கொள்வோம், அந்தச் சேற்றுக் கோடு தீம் பார்க்கிலா வந்தது? இதைக் கேட்டதும், கடையில் இருந்த இன்னொரு ஆள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "அண்ணா, பெரியவரோட வந்திருக்கீங்க, பிரச்சினை பண்ணாம போங்க" என்றான். நைனாவை வைத்துக்கொண்டு அங்கே சண்டை போட விருப்பமில்லாமல் வந்துவிட்டோம்.

அப்புறம் விசாரித்தால் அதே கடையில் ஆக்சிஜன் மெஷின் எடுத்த ஒரு குடும்பத்துக்கும் இதே கதை. அட்வான்ஸ்தான் அவர்களுக்கு வியாபாரம், வாடகை சும்மா.

நீங்கள் எடுக்கப் போவதாக இருந்தால், யார் உட்காரப் போகிறார்களோ அவர்களை உட்கார வைத்து ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். மழைத் தண்ணிக்குப் பயந்து எல்லாக் கடையும் வாசலை உசத்திக் கட்டிச் சாய்தளம் வைத்திருக்கிற ஏரியா நம்முடையது, ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. ஏறும்போது முள் சாய்ந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். சீட்டைத் தூக்கி இரண்டு பேட்டரியும் ஒரே கம்பெனி, ஒரே மாதத்து சரக்கா என்று பாருங்கள், காட்ட மறுக்கிற கடை காட்ட மறுத்த உடனே பதில் சொல்லிவிட்டது. சின்ன மாடல்களுக்கு அடியில் இரண்டு மூன்று அங்குலம்தான் இடைவெளி, நம் தெரு ஸ்பீடு பிரேக்கரில் வயிறு தட்டி நிற்கும், அதையும் அங்கேயே பாருங்கள். பில் சீட்டில் சீரியல் எண், பேட்டரி நிலை, அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்பது மூன்றும் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பார்க்கிடம் "வீல்சேர் போகுமா" என்று கேட்காதீர்கள், "பேட்டரி ஸ்கூட்டரை உள்ளே விடுவீர்களா" என்று மெயிலில் கேட்டு, பதிலை கேட்டில் காட்டுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், முதலில் அதில் பதிந்துவிடுங்கள். அவர்கள் பேசியும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஜிபே ரெக்கார்டு, அந்த எஸ்டிமேட் சீட்டு, வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நாங்கள் 1915-இல் பதிந்த பிறகு கடையிலிருந்து ஒரு போன், பாதிப் பணம் தருகிறோம், வாபஸ் வாங்குங்கள் என்று. முழுசாக அனுப்பினால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன், இதுவரை வரவில்லை.

அந்த வண்டி இப்போதும் வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, தெரிந்தவர் ஒருவர் பார்த்திருக்கிறார். நீல நிறம், முன்கூடையின் இடது பக்கம் உடைந்து கருப்பு கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கும், சீட்டில் பின்பக்கம் ஒரு முக்கோணக் கிழிசல். யாருக்காவது அதைக் கொடுத்திருந்தால், அல்லது கொடுத்து அட்வான்ஸைப் பிடித்திருந்தால், எனக்கு மெசேஜ் போடுங்கள். மெக்கானிக் வீடியோவை அனுப்புகிறேன், உங்கள் புகாரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.